எண்ணை மாற்றினால் கதவு திறக்கும்

கதவு மூடிக்கொண்ட சத்தம் ரொம்ப மரியாதையாகத்தான் இருந்தது. பெரிய மனிதர் ஒருவர் தொண்டையைச் செருமியது போல ஒரு சின்ன ‘ம்ஹ்ம்’. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது திறக்கவில்லை.

மச்சினன் அதைத் தள்ளினான். பக்கவாட்டில் இழுத்தான். கடைசியில் தோளால் ஒரு இடி இடித்துவிட்டு, தோளைத் தடவிக்கொண்டான்.

“அத்தான், இது நம்ம வீட்டு பாத்ரூம் கதவு மாதிரிதான். உள்ள போறது நம்ம இஷ்டம், வெளிய வர்றது அது இஷ்டம்.”

அத்தான் பதில் சொல்லவில்லை. துப்பறியும் வேலையில் பாதி, பதில் சொல்லாமல் இருப்பது என்பது அவர் கொள்கை. மீதிப் பாதி, மச்சினனைப் பேசவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பது. “அவரோட கூடமாட இருடா” என்று அக்காள் சொன்னதற்காகத்தான் அவளுடைய கணவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தான் மச்சினன். கூடமாட இருந்ததில் இன்று வந்து சேர்ந்த இடம், ஒரு மருந்து விநியோகக் கம்பெனியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சர்வர் அறை.

ஜன்னல் இல்லாத அறை அவனுக்கு ஆகாது. லிஃப்டில் ஏறினாலே மூச்சு முட்டும். முட்டுவது வெளியே தெரியாமலிருக்க ஜோக்கடிப்பான். ஜோக் எவ்வளவு மட்டமோ பயம் அவ்வளவு அதிகம் என்று அத்தானுக்குத் தெரியும். பாத்ரூம் ஜோக் என்றால் நிலைமை மோசம்.

“யாரும் பதற வேண்டாம்,” என்றார் மூன்றாவது ஆள். “இது ஒரு தற்காலிகமான சவால். என்னோட விஷன் என்னன்னா, சவால்தான் வாய்ப்பு.”

இவர் கம்பெனியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. கூடவே மாற்ற மேலாண்மைத் தலைவர், எதிர்காலத் திட்டங்களின் வழிகாட்டி என்று இன்னும் இரண்டு பட்டங்கள். எந்த வாக்கியத்தையும் ‘என்னோட விஷன்’ இல்லாமல் முடிக்க மாட்டார் என்பதால் ஊழியர்கள் அவரை விஷன் சார் என்றே கூப்பிட்டார்கள், நேருக்கு நேராகவே. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். கறுப்புக் கோட்டு, கழுத்தை நெரிக்கிற டை, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

நான்காவது ஆள் சுவரோரமாக நின்ற பெண். வயது நாற்பதுக்குப் பக்கம். தோளில் ஸ்வெட்டர், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, முகத்தில் இரண்டு நாளாகச் சாப்பிடாத கோபம். இந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இவள் பொறுப்பு. சிஸ்டம் மேடம். விஷன் சாரின் வாய்மொழிப்படி, குற்றவாளி.

குற்றம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் இருக்கிற பெரிய மெஷினுக்குப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏற்றினார்கள். ஏற்றிய நிமிஷத்திலிருந்து அது திணறுகிறது. ஆன் செய்தால் கதவு, விளக்கு மாதிரி சில்லறை வேலைகளைக் கொஞ்ச நேரம் பார்க்கும். ஆள் உட்கார்ந்து நாலு எழுத்து அடிப்பதற்குள் மூச்சை நிறுத்திக்கொள்ளும். எந்த மருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது அந்த மெஷினுக்கு மட்டும்தான் தெரியும். லாரிகள் வெறுமனே நிற்கின்றன. ஆஸ்பத்திரிகள் போன் மேல் போன். ‘இது உள்ளேயே இருக்கிற ஆளோட சதி’ என்று விஷன் சார் அறிவித்தார். முதலாளியம்மா அத்தானை வரவழைத்தார். விஷன் சார் அதோடு நிற்காமல் இன்ஸ்பெக்டருக்கும் போன் போட்டுவிட்டார்.

“கதவு ஏன் திறக்கல?” என்றார் அத்தான்.

“மெஷின் மறுபடி நின்னுடுச்சு சார்,” என்றாள் சிஸ்டம் மேடம். “கதவுக்கு உத்தரவு குடுக்கறது அந்த மெஷின்தான். மறுபடி ஆன் பண்ணினாலும் இனி கதவு வரைக்கும் எட்டாது, தடவைக்குத் தடவை சீக்கிரமா நின்னுடுது.”

“சாவி?”

“இருந்துது. கண்ணாடிப் பெட்டியில வச்சு சுவத்துல மாட்டியிருந்தோம். பார்க்க வர்றவங்களுக்குப் பழைய காலத்து ஆபீஸ் மாதிரி தெரியுதுன்னு சார் கழட்டச் சொல்லிட்டார்.”

“இன்டர்காம்?”

“மெஷின்.”

“ஏசி?”

அவள் மேலே காட்டினாள். காற்று வருகிற ஓட்டையில் கட்டியிருந்த ரிப்பன் துண்டு செத்த பல்லிவால் மாதிரி தொங்கியது.

“அதுவும் மெஷின். எல்லாம் ஒரே குடையின் கீழ். சாருக்கு அதுக்கு ஷீல்டு குடுத்தாங்க.”

“குடை நல்ல குடைதான்,” என்றான் மச்சினன். “மடக்கும்போது நாம உள்ள மாட்டிக்கிட்டோம், அவ்வளவுதான்.”

செல்போனில் சிக்னல் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் காவலாளி நின்றார். மச்சினன் இரண்டு கையையும் ஆட்டினான். காவலாளி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். மச்சினன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டி, மூச்சு முட்டுகிறது என்று நடித்துக் காட்டினான். பக்கத்திலேயே விஷன் சார் நிற்பதைப் பார்த்த காவலாளி, பெரியவர்கள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, இன்னும் விறைப்பாக இரண்டாவது சல்யூட் அடித்தார்.

“ஒரு நிமிஷ வேலை,” என்றார் விஷன் சார். “இவங்க மனசு வச்சா போதும். இவங்க போட்ட தப்பு எண்ணை இவங்களே மாத்தணும். எண்ணை மாத்தினா மெஷின் ஓடும். மெஷின் ஓடினா கதவு திறக்கும். மாத்தும்மா.”

“மாட்டேன்.”

“பார்த்தீங்களா? பிடிவாதம்!”

“என்ன எண் அது?” என்று அத்தான் கேட்டார். அவளிடம்தான் கேட்டார். விஷன் சார்தான் பதில் சொன்னார்.

“அது ரொம்ப ஆழமான விஷயம். பாராமீட்டர் ட்யூனிங். அதாவது, ஒரு இயங்குதளத்தினுடைய உள்கட்டமைப்பு சார்ந்த சமநிலையை…”

“சார், மூச்சு விடற காத்தை இப்படி வீணாக்காதீங்க,” என்றான் மச்சினன். “நாலு பேருக்குப் பங்கு இருக்கு.”

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். “எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. மச்சானுக்குப் புரியற மாதிரி சொன்னா இன்னும் நல்லது.”

அவள் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். வேலையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் முகத்தில் பாதிக் கோபம் இறங்கியது.

“ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏத்தினா, கூடவே சில அளவு வரும் சார். ஒரே நேரத்துல எத்தனை ஃபைல் திறக்கலாம், எத்தனை வேலை ஓடலாம், மெமரியை யாருக்கு எவ்வளவு ஒதுக்கலாம். கம்பெனிக்காரன் குடுக்கறது ஊருக்கெல்லாம் பொதுவான அளவு. நம்ம மெஷினுக்கு, நம்ம வேலைக்குத் தகுந்த மாதிரி நாமதான் பிடிச்சு விடணும். அதைச் செய்யாம விட்டா வேலை நடக்காது. தப்பா செஞ்சா மெஷினே நடக்காது.”

“மெமரிங்கறது?”

“பஸ்ஸுன்னு வச்சுக்குங்க. மருந்துக் கணக்கெல்லாம் வச்சிருக்கற டேட்டாபேஸ் பெரிய குடும்பம். அவங்க வந்து ஏறும்போது நெரிசல்ல தவிக்கக் கூடாது. அதனால பஸ் கிளம்பறதுக்கு முன்னாடியே அவங்களுக்காகத் துண்டு போட்டு இடம் பிடிச்சு வச்சிருவேன். மொத்த சீட்டுல பாதிக்குக் கொஞ்சம் குறைச்சலா. மிச்சத்துல மத்தவங்க உட்காரலாம். எத்தனை சீட்டுக்குத் துண்டுங்கறதுதான் சார் சொல்ற எண்.”

“துண்டு அதிகமா விழுந்தா?”

“மத்தவங்களுக்கு இடம் கிடையாது. கதவைப் பார்க்கற வேலை, ஏசியைப் பார்க்கற வேலை, எல்லாம் படிக்கட்டுல தொங்கும். கடைசியில டிரைவருக்கே சீட்டு இருக்காது.”

“அதான் இப்ப நடக்குது,” என்றான் மச்சினன்.

“அதேதான். ஆனா அந்த எண் இந்த மெஷினை வாங்கி நிறுத்தின அன்னிக்கு நான் போட்டது. அப்பலேர்ந்து அதேதான் ஓடிட்டிருந்தது. ஞாயித்துக்கிழமை புதுசு ஏத்தினதுக்கு அப்புறமும் அதையேதான் போட்டேன். அது தப்புன்னா இத்தனை நாள் எப்படி ஓடிச்சு?”

“பழைய சிஸ்டம் அந்தத் தப்பை மன்னிச்சிருக்கும். புதுசு மன்னிக்கல,” என்றார் விஷன் சார், தனக்கே கைதட்டத் தோன்றுகிற குரலில்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அத்தானைத்தான் பார்த்தாள்.

“நான் கையை வச்சு அந்த எண்ணைக் குறைச்சா, யாரு, எப்ப, என்ன மாத்தினாங்கன்னு மெஷின் பதிஞ்சு வச்சுக்கும். அதைக் காட்டி ‘தப்பை அவளே ஒத்துக்கிட்டு திருத்தினா’ம்பார். மேல இன்ஸ்பெக்டர் அதுக்குத்தான் காத்திருக்கார். சதி செஞ்சவன்னு வெளிய போனா, இனிமே எந்த ஆபீஸ்லயும் எனக்குக் கீபோர்டைக் குடுக்க மாட்டாங்க சார். எனக்கு வேற வேலை தெரியாது.”

அறை சூடேறத் தொடங்கியிருந்தது. அலமாரி அலமாரியாக நின்ற மெஷின்கள் ஏசி இல்லாமல் ஆளுக்கொரு அடுப்பாக மாறிக்கொண்டிருந்தன. சிஸ்டம் மேடம் ஸ்வெட்டரை எடுத்து நாற்காலி முதுகில் போட்டாள். எப்போதும் குளிரில் நடுங்குகிற அறை. ஸ்வெட்டர் போடாமல் அவள் இங்கே நின்றதே கிடையாதாம். அத்தான் சட்டையின் மேல் பட்டன்களைத் திறந்துவிட்டார். மச்சினன் சட்டையையே கழற்றிவிட்டு, அக்காள் வாங்கிக் கொடுத்த பனியனோடு தரையில் உட்கார்ந்தான். சுவர்கள் முன்பிருந்ததைவிட ஒரு முழம் கிட்டே வந்துவிட்டதாக அவனுக்குப் பட்டது. கூரையும் குனிந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

விஷன் சார் மட்டும் கோட்டோடு நின்றார். வியர்வை காதோரம் இறங்கி, டையின் முடிச்சில் தேங்கி, சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

“சார், கோட்டைக் கழட்டுங்க,” என்றான் மச்சினன். “இங்க போட்டோ எடுக்க ஆள் இல்ல.”

“பதவிக்குன்னு ஒரு கண்ணியம் இருக்கு, தம்பி.”

“கண்ணியம் சொட்டுது சார். தரையெல்லாம் ஈரம்.”

அத்தான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நடக்க இடமே இல்லாத அறை. நாலு எட்டு வைத்தால் திரும்பவேண்டும்.

“ஞாயித்துக்கிழமை மெஷினை எத்தனை நேரம் நிறுத்தி வச்சிருந்தீங்க?”

“மத்தியானம் கொஞ்ச நேரம் சார். நிறுத்தி, தூசி தட்டி, ஏத்தலாம்னு திட்டம். நிறுத்தினதும் மேல வரச் சொல்லிட்டாங்க. ‘புதிய சகாப்தம்’னு விழா வச்சிருந்தாங்க. மேடை, மைக், சாரோட பேச்சு.”

“எதுவும் நடக்கறதுக்கு முன்னாடியே விழாவா?” என்றான் மச்சினன்.

“நடந்ததுக்கு அப்புறம் வச்சா, நடந்துச்சான்னு கேட்பாங்களே,” என்றாள் அவள்.

“எல்லாரும் மேல போனீங்களா?” என்று கேட்டார் அத்தான்.

“எல்லாரும் போனோம். சார்தான் லேட்டா வந்தார்.”

அத்தான் நின்றார். “லேட்டாவா?”

“நாங்களே ஆச்சரியப்பட்டோம் சார். மைக் இருக்கற இடத்துக்கு அவர் லேட்டா வந்து யாரும் பார்த்ததே இல்ல.”

“முக்கியமான அழைப்பு. வெளிநாட்டு அழைப்பு,” என்றார் விஷன் சார்.

அத்தான் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சிஸ்டம் மேடத்திடம், கடையில் பருப்பு விலை கேட்கிற தொனியில் கேட்டார்: “எண்ணை மாத்த வேண்டாம். துண்டே போடாம, வெறும் பஸ்ஸை மட்டும் கிளப்பிப் பார்க்க வழி இருக்கா?”

“இருக்கு சார். ரெஸ்க்யூ மோட். என் அளவு எதுவும் அதுல வராது. கதவும் வேலை செய்யாது, ஆனா மெஷின் திணறாது. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கலாம். ஞாயித்துக்கிழமையே பார்த்திருப்பேன். சார்தான் அப்புறம் என்னை இந்த ரூமுக்குள்ளயே விடல. இப்பதான் கூட்டிட்டு வந்தார், அதுவும் எண்ணை மாத்த மட்டும்.”

“அப்ப போட்டுப் பாரும்மா.”

“எதுக்கு?” விஷன் சார் இரண்டு எட்டு முன்னால் வந்தார். “அதுல பார்க்க என்ன இருக்கு? இருக்கறதே நாலு மெமரி ஸ்டிக். எட்டு ஸ்டிக்குக்கு உண்டான அளவைப் போட்டு வச்சிருக்கா. இதுக்கு மேல என்ன துப்பறியணும்? வெந்து சாகப் போறோம், எண்ணை மாத்தச் சொல்லுங்க!”

சிஸ்டம் மேடம் கீபோர்டை நோக்கிக் குனிந்தவள், அப்படியே தலையை மட்டும் திருப்பினாள்.

“நாலா? எட்டு சார்.”

“நாலுதான்.”

“எட்டு. மெமரிப் பட்டை ஒவ்வொண்ணையும் என் கையால எண்ணி மாட்டினேன்.”

“நீங்க போடுங்கம்மா,” என்றார் அத்தான் மெதுவாக.

அவள் மெஷினை அணைத்து ஆன் செய்தாள். திரையில் முதலில் வந்தது கம்பெனியின் சின்னம், அதன் கீழே ‘நாளையை இன்றே’ என்ற வாசகம், அதன் கீழே விஷன் சாரின் கையெழுத்து. மெஷின் கிளம்பும்போது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற விவரங்கள் அசிங்கமாக இருக்கின்றன என்று, அவற்றை மறைத்து இதை வைக்கச் சொல்லியிருந்தார் அவர். அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். நாளை விலகியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக இறங்கின. அவள் ஏதோ அடித்தாள். ஒரு வரி வந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“பாதிதான் இருக்கு,” என்றாள். “நாலுதான் சார் காட்டுது.”

“நான் சொன்னேனே!” விஷன் சார் கையை விரித்தார். “நாலு இருக்கற மெஷினுக்கு எட்டோட அளவைப் போட்டிருக்கா. எவ்வளவு பெரிய கவனக்குறைவு! சதின்னு நான் சொன்னதை வேணும்னா வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா கவனக்குறைவு, கவனக்குறைவுதான்.”

மச்சினனுக்குக் காதில் ரத்தம் தட்டுகிற சத்தம் கேட்டது. இந்த அறையில் தனக்குக் கிடைக்கவேண்டிய காற்று முழுவதையும் அந்தக் கோட்டு ஆசாமி பேசியே தீர்க்கிறார் என்று தோன்றியது. அத்தானோ நாற்காலியை இழுத்துப் போட்டு, அவசரமே இல்லாதவர் போல உட்கார்ந்தார்.

“ஒரு சின்ன சந்தேகம் சார். இந்தத் திரை ஞாயித்துக்கிழமையிலேர்ந்து யாருக்கும் ஒரு எழுத்தும் காட்டல. இந்த அம்மாவுக்கே இப்பதான் தெரியுது, நாலுன்னு. உங்களுக்கு அதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?”

விஷன் சார் டையின் முடிச்சைச் சரிசெய்தார்.

“நான் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி.”

“அதான் ஆச்சரியமா இருக்கு,” என்றான் மச்சினன். “மத்த எதுவும் தெரியலையே.”

“இந்த அம்மா போட்ட துண்டு சரி,” என்றார் அத்தான். “பெரிய பஸ்ஸுக்குப் போட்ட துண்டு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் உங்க பேச்சைக் கேட்க மேல போயிருந்தப்ப, நின்னுட்டிருந்த பெரிய பஸ்ஸை யாரோ பாதியா வெட்டிட்டாங்க. அதுல அதே துண்டு விழுந்தா, டிரைவருக்கு ஏது இடம்? எண்ணை மாத்து மாத்துன்னு ஏன் துடிக்கிறீங்கன்னு யோசிச்சேன். மாத்திட்டா அப்புறம் உள்ள எத்தனை ஸ்டிக் இருக்குன்னு யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. மச்சான், சாருக்கு ரொம்ப வேர்க்குது. கோட்டைக் கழட்டி விடு.”

இந்த மாதிரி உத்தரவுக்காகத்தான் மச்சினன் இந்த வேலையில் நீடிக்கிறான். விஷன் சார் கதவுப் பக்கம் ஓடினார். கதவு திறக்காது என்பது அவருக்கும் நினைவில்லை, பழக்கம். கண்ணாடியில் மோதி நின்றவரைப் பின்னாலிருந்து அணைத்து, குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற லாவகத்தில் மச்சினன் கோட்டை உருவினான். அந்தப் பக்கத்திலிருந்து காவலாளி சல்யூட் அடித்தார்.

உள்பையில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி இருந்தது.

“சார், நீங்க கண்ணாடி போடறதில்லையே?”

பெட்டிக்குள், வெல்வெட் துணியின் மேல், பச்சைச் சீப்பு மாதிரி நான்கு பட்டைகள் சமர்த்தாகப் படுத்திருந்தன.

சிஸ்டம் மேடம் அவற்றைக் கையில் வாங்கினாள். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் அடிபட்டு வந்த பிள்ளையைப் பார்ப்பது போல.

“இப்ப எதுக்கு இங்க கொண்டு வந்தார்?” என்று மச்சினன் கேட்டான். “திருடினவங்க கொண்டுபோகத்தானே செய்வாங்க?”

விஷன் சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோட்டு இல்லாமல் அவர் பாதிதான் இருந்தார். பேச்சில் இப்போது விஷன் இல்லை.

“மாப்பிள்ளை புதுசா வீடியோ ஸ்டூடியோ ஆரம்பிக்கிறார். கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு மாமா, உங்க ஆபீஸ்ல எடுத்துக் குடுங்கன்னார். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்கும்போது… அப்புறம் பார்த்தா அவர் கம்ப்யூட்டர்ல இது உட்காரவே இல்ல. அழுத்திப் பார்த்தோம். தேங்காய் எண்ணெய்கூடத் தடவிப் பார்த்தோம். சரி, எண்ணை மாத்த வைக்கிற சாக்குல உள்ள வந்து, இவங்க போனதும் சத்தமில்லாம திருப்பி மாட்டிடலாம்னு…”

“தேங்காய் எண்ணெயா!” சிஸ்டம் மேடத்துக்கு இப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது. “சார், சர்வர் மெமரி வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஏறாது. மாட்டற காடியே வேற. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!”

விஷன் சார் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நீயே மாட்டிடும்மா. எட்டும் இருந்தா உன் எண் சரியாயிடும். மெஷின் ஓடும், கதவு திறக்கும். ஏதோ கோளாறு, தானா சரியாயிடுச்சுன்னு சொல்லிடலாம். உன் மேல குடுத்த புகாரை நான் பார்த்துக்கறேன்.”

மச்சினன் மனசார அதை வரவேற்றான். சுவர்கள் முழங்காலைத் தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டன. மாட்டு தாயே, மாட்டித் தொலை என்று கத்த நாக்கு துடித்தது. அத்தானைப் பார்த்தான். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாட்டிட்டா, எட்டுல எது போயிட்டு வந்துதுன்னு யாருக்கும் தெரியாது,” என்றாள் அவள். “கோளாறுக்குக் காரணம் யாருன்னு நாளைக்கு மறுபடி கேட்பாங்க. மறுபடி நான்தான்.” பெட்டியை மூடி அத்தான் கையில் கொடுத்தாள். “இது இப்படியே இருக்கட்டும் சார். இப்ப பஸ் எவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியும். ஃபைல்ல நான் எழுதி வச்ச எண்ணைத் தொட மாட்டேன். இந்த ஒரு தடவை கிளம்பறதுக்கு மட்டும் சின்னத் துண்டா போடறேன். மெதுவா ஓடும். ஆனா ஓடும்.”

“அப்படி ஒரு வழி இருக்கா?” என்றார் விஷன் சார், நிஜமான வியப்போடு.

அவள் கீபோர்டுக்குக் குனிந்தாள். தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். திரை எழுத்துகளை இறக்கிக்கொண்டே போனது. மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு அக்காளின் பெயரைச் சொன்னான். தலைக்கு மேல் ஏதோ படபடத்தது. கண்ணைத் திறந்தான். காற்று ஓட்டையில் கட்டியிருந்த ரிப்பன் உயிர் பிழைத்து ஆடியது.

‘ம்ஹ்ம்’ என்று செருமிக்கொண்டு கதவு நகர்ந்தது.

வெளியே முதலாளியம்மா நின்றார். கொஞ்சம் தள்ளி இன்ஸ்பெக்டர், காவலாளியிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா ஒரே பார்வையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்: பனியனோடு ஒருவன், தரையில் உட்கார்ந்த அதிகாரி, துப்பறிகிறவர் திறந்து காட்டிய பெட்டி. அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி லாரியைப் பற்றி இல்லை.

“சம்பந்தி, என்ன இது?”

மச்சினன் சட்டையின் ஒரு கையை மாட்டியபடியே நின்றுவிட்டான். “சம்பந்தியா? அத்தான், அப்ப அந்த வீடியோ ஸ்டூடியோ மாப்பிள்ளை…”

“என் பையன்,” என்றார் முதலாளியம்மா.

மூன்று பட்டங்களும் இந்த மனிதரிடம் எப்படி வந்து சேர்ந்தன என்ற, அத்தானிடம் யாரும் ஒப்படைக்காத கேஸ் அந்த நொடியில் தானாகத் தீர்ந்தது.

முதலாளியம்மா உள்ளே வந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்து, அங்கேயே இருங்கள் என்று கையைக் காட்டினார். “இது குடும்ப விஷயம். உள்ளயே பேசி முடிச்சுக்கலாம்,” என்றார் சிஸ்டம் மேடத்திடம். குரல் கனிவாகத்தான் இருந்தது. “உனக்கு ஒரு குறையும் வராது. அந்தப் பெட்டியை என்கிட்ட குடுக்கச் சொல்லு. கவனக்குறைவுன்னு சொல்லி முடிச்சிடலாம், யார் பேரும் வேண்டாம். எல்லாரும் உன்னையே நினைச்சுப்பாங்க, ஆனா நாளாக நாளாக மறந்துடும்.” சொல்லிக்கொண்டே சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார், கதவை மூட.

மச்சினன் வாசல் பக்கம் ஒரு எட்டு வைத்தான். மறுபடியுமா?

கதவு அசையவில்லை. முதலாளியம்மா இன்னொரு தடவை அழுத்தினார். கையால் இழுத்தும் பார்த்தார்.

“அது மூடாதும்மா,” என்றாள் சிஸ்டம் மேடம். கீபோர்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. “கதவு மெஷின் சொன்னாத்தான் கேட்கும். மெஷின் இப்ப நான் சொன்னாத்தான் கேட்கும். பேசறதை எல்லாம் கதவு திறந்திருக்கும்போதே பேசலாம். இன்ஸ்பெக்டர் சார், கொஞ்சம் உள்ள வாங்க.”

இன்ஸ்பெக்டர் வந்தார். ஐந்து முகங்களையும் பார்த்தார். சூட்டுக்குத் தொப்பியைக் கழற்றினார்.

“யார் மேல புகார்?”

விஷன் சார் வாயைத் திறந்தார். எதிர்காலத் திட்டங்களின் வழிகாட்டிக்கு, அடுத்த வார்த்தை என்ன என்று தெரியவில்லை.

“இதுவரைக்கும் என் மேல,” என்றாள் அவள். “அதை இந்த வாசல்லயே, எல்லார் காதுலயும் விழற மாதிரி, திருப்பி வாங்கிக்கச் சொல்லுங்க. அப்புறம்தான் லாரி கிளம்பும்.”

முதலாளியம்மா சம்பந்தியைப் பார்த்தார். மேலே எங்கேயோ ஒரு லாரிக்காரர் பொறுமையிழந்து ஹாரனை அழுத்தி, கையை எடுக்காமலே இருந்தார்.

“இவ மேல தப்பில்ல,” என்றார் முதலாளியம்மா கடைசியில், இன்ஸ்பெக்டரிடம். சொன்னது போதுமா என்று சிஸ்டம் மேடத்தைப் பார்த்தார்.

“கொஞ்சம் சத்தமா, அம்மா,” என்றாள் அவள். “ஹாரன்ல கேட்கல.”